பச்சை ஸ்லைம் விழுந்த காலம்: ‘யூ கான்ட் டூ தட் ஆன் டெலிவிஷன்’ தொடரோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவங்கள்

மெரிவேல் வாசி:
1979இல் ஒட்டாவாவில் தொடங்கிய கனேடியச் சிறுவர் நகைச்சுவைத் தொடர் இது என்பதற்கு மேல் இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1986இல் நாங்கள் ஒட்டாவாவுக்கு வந்தபோது வீட்டில் தொலைக்காட்சி இல்லை. பள்ளியில் ஆசிரியை என்னிடம் ஒரு மாகாணத்தின் தலைநகரைக் கேட்டார். எனக்கு அப்போது தடையின்றி வந்த ஆங்கிலம் “ஐ டோன்ட் நோ” ஒன்றுதான், அதைச் சொன்னேன். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து வந்து, தன் பயிற்சிப் புத்தகத்தை விரித்து என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். ஆசிரியைகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பல வாரங்கள் கழித்து, பக்கத்து வீட்டில், திரையில் ஒரு சிறுமி அதே மூன்று சொற்களைச் சொல்லக் கேட்டேன். மேலிருந்து கொட்டிய பச்சைக் கூழ் அவள் நெற்றியில் பட்டு, இமைகளில் தேங்கி, தாடையிலிருந்து கயிறு போலத் தொங்கியது. அந்தத் தொடரில் அப்படிச் சொல்பவரின் தலையில் ‘ஸ்லைம்’ எனும் அந்தக் கூழ் கொட்டும். அப்போதுதான் வகுப்பு கூரையைப் பார்த்ததன் காரணம் புரிந்தது. ஆனால் அந்தப் பையன் என்னைக் கேலி செய்தானா, அல்லது என்னையும் அவர்களுள் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டானா என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

நூலகப் பூனை:
மெரிவேல் வாசி அண்ணா, அது கேலியாக இருந்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தொடரில் ஸ்லைம் விழாத பிள்ளையே கிடையாது எனலாம். தொகுப்பாளராக நடுவில் நின்ற கிறிஸ்டின் மெக்கிளேடின் தலையிலும் அது விழுந்தது. ‘வாட்டர்’ என்று சொன்னால் தண்ணீர் கொட்டியதும் எல்லோருக்கும் பொதுவான விதிதான். கேலி செய்பவன் தள்ளி நின்று பார்த்திருப்பான், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றிருக்க மாட்டான்.

என் மனத்தில் நிற்பது தொடரில் அடிக்கடி வந்த துப்பாக்கிப் படைக் காட்சி. 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தவர் எங்கள் அப்பா. ஒருநாள் நான் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அறைக்குள் வந்தார். திரையில் ஒரு பையன் கம்பத்தில் கட்டப்பட்டிருந்தான். நடிகர் லெஸ் லை ஏற்ற எல் கேப்பிட்டானோ என்ற படை அதிகாரி கத்தியை உயர்த்தி ஆணையிடத் தயாராக நின்றார். அப்பா உடனே நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் கதவோரத்திலேயே நின்றார். பையன் ஏதோ சாதுரியமாகப் பேசி அந்த அதிகாரியைக் குழப்ப, துப்பாக்கிகள் அதிகாரியையே சுட்டன. “அந்தப் பொடியன் என்ன சொன்னவன்?” என்று அப்பா கேட்டார். சொன்னேன். “திரும்பச் சொல்லு” என்றார். அதற்குப் பிறகு அவர் எந்த வேலையில் இருந்தாலும் அந்தக் காட்சிக்கு மட்டும் வந்து நின்று, பையன் தப்பியதும் போய்விடுவார். அவர் ஒரு தடவைகூடச் சிரித்து நான் பார்த்ததில்லை, இடையில் எழுந்து போனதையும் பார்த்ததில்லை. அவரிடம் காரணத்தைக் கேட்கும் துணிவு எனக்கு ஒருநாளும் வரவில்லை.

கிழக்குக் கரையோன்:
சகோதரி, உங்கள் தந்தையைப் பற்றி எழுதியதை மதிப்போடு வாசித்தேன். ஆனாலும் பிள்ளைகள் எப்போதும் வெல்லும் தொடர் என்று அதைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. நடித்தவர்கள் பதின்ம வயதினர் என்றாலும், ரோஜர் பிரைஸ், ஜெஃப்ரி டார்பி போன்ற பெரியவர்களே அதை உருவாக்கினார்கள். அவர்கள் எல்லை மீறிய இடமும் உண்டு.

நாங்கள் நியூ ஜெர்சியில் நிக்கலோடியன் என்ற அமெரிக்கச் சிறுவர் அலைவரிசையில் பார்த்தோம்; 1981 முதல் அது அங்கே ஒளிபரப்பானது. என் வகுப்புத் தோழி ஒருத்தி தத்தெடுக்கப்பட்ட பெண். அவள் வீட்டில் இருந்தபோது, 1985இல் எடுக்கப்பட்ட, தத்தெடுத்தலைப் பற்றிய பகுதி வந்தது. தத்துப் பிள்ளையை வேலை வாங்குவது, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுப்பது என்று நகைச்சுவை போனது. நான் அலைவரிசையை மாற்றக் கையை நீட்டினேன். அவள் என் கையை விலக்கிவிட்டு ஒலியைக் கூட்டினாள். சமையலறையில் இருந்த அவள் தாய்க்கும் கேட்கவேண்டும் என்று கூட்டினாளா என்று நான் இன்றும் யோசிக்கிறேன். அந்தப் பகுதியை நிக்கலோடியன் பின்னர் ஒளிபரப்பிலிருந்து முற்றாக விலக்கியது. நல்ல தொடர்தான், லாக்கர் கதவுகளைத் திறந்து ஒருவரையொருவர் சீண்டும் காட்சிகளும், பார்த் என்ற சமையல்காரர் பர்கரில் எதைப் போட்டார் என்று பிள்ளைகள் ஆராயும் காட்சிகளும் எனக்கும் பிடிக்கும். ஆனால் குறையைக் குறை என்றே சொல்லவேண்டும்.

ஓட்ஸ் கஞ்சி:
என் மகளின் பிறந்தநாளுக்கு அவள் கேட்டுக்கொண்டதால் வீட்டில் ஸ்லைம் செய்து ஊற்றினேன். அவள் கண்ணைத் திறந்ததும் சொன்ன முதல் சொல் “மறுபடியும்”. என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்குச் சில விஷயங்களைச் சொல்லவேண்டும்.

முதலாவதாக, பிள்ளையின் முழுச் சம்மதம் இல்லாமல் ஊற்றாதீர்கள். திரையில் அது திடீரென்று விழுவதாகத் தோன்றினாலும், நடித்த பிள்ளைகளுக்கு எப்போது விழும் என்று தெரியும். அதற்காக அவர்களுக்குத் தனியாகக் கூடுதல் பணமும் தரப்பட்டது. இரண்டாவதாக, ஓட்ஸை நன்றாகக் குழைய வேகவைத்து, முற்றிலும் ஆறவிட்டு, உணவில் சேர்க்கும் பச்சைச் சாயத்தைக் கலந்துகொள்ளுங்கள். கூடவே குழந்தைகளுக்கான ஷாம்பூவையும் சேர்க்கவேண்டும். தலைமுடியிலிருந்து எளிதாகப் போகவேண்டும் என்பதற்காக அந்தத் தொடரிலேயே பிற்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். கட்டி இருந்தால் வடிகட்டுங்கள். ஊற்றும்போது பிள்ளை கண்ணையும் வாயையும் மூடி, தாடையைச் சற்றுத் தாழ்த்தி நிற்கவேண்டும். மேலே பார்க்கவே கூடாது. தலைக்கு மிக உயரத்திலிருந்து ஊற்றினால் பாரம் கழுத்தில் விழும். காய்வதற்கு முன் குளிர்ந்த நீரில் அலசவேண்டும், ஏனெனில் காய்ந்த ஓட்ஸ் முடியில் ஒட்டினால் சீப்புக்கும் வராது. வெளிர்நிற முடியில் சாயம் சில நாள் தங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தரையில் பழைய குளியலறைத் திரையை விரித்தால், வழுக்காதபடி ஓரங்களை ஒட்டிவிடுங்கள்.

கிழக்குக் கரையோன்:
ஓட்ஸ் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில் பச்சை ஜெலட்டின் தூளையும் மாவையும் தண்ணீரில் கலந்தே செய்தார்கள். அதற்கும் முன்னர், முதன்முதலில் ஊற்றப்பட்டது நாள்பட்டுப் பூஞ்சை பிடித்துப்போன உணவுக் கழிவு என்று அந்தத் தொடரில் பணியாற்றியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பனிக்கால வாசகன்:
பூஞ்சைக் கதை இருக்கட்டும். 2010 பிப்ரவரியில் ஒட்டாவாவின் மெரிவேல் சாலையில் இருந்த, அந்தத் தொடரைத் தயாரித்த சிஜேஓஹெச் தொலைக்காட்சி நிலையம் தீப்பிடித்தபோது நான் அந்த வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்தேன். காவலர்கள் வாகனங்களைத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு முன்னால் நின்ற காரிலிருந்து என் வயதையொத்த ஒரு பெண் இறங்கி, அந்தக் குளிரில் கையுறைகூட அணியாமல் நின்று, “நாடாக்கள் உள்ளே இருக்கின்றன, நாடாக்கள் உள்ளே இருக்கின்றன” என்று ஒரு காவலரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அங்கே வேலை பார்த்தவரா, என்னைப் போல அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவரா என்று தெரியாது. அந்தத் தீயில் நிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் பெரும்பகுதி அழிந்துபோனது.

பின்னாளில் பாடகியாகப் புகழ்பெற்ற அலனிஸ் மோரிசெட் 1986இல் நடித்த பகுதிகளை எல்லோரும் தேடிப் பார்க்கிறார்கள். நிக்கலோடியனில் வந்த அரைமணிப் பகுதிகளை அமெரிக்காவிலும் பலர் பதிந்துவைத்திருக்கிறார்கள். எனக்குக் கவலை 1979இல் வந்த முதல் பருவத்தைப் பற்றியது. அது ஒட்டாவாப் பிள்ளைகளுக்காகவே செய்யப்பட்ட ஒரு மணி நேர நிகழ்ச்சி. வீட்டிலிருந்த பிள்ளைகள் தொலைபேசியில் பேசிப் போட்டிகளில் கலந்துகொண்டார்கள். ஆகவே, அந்த ஆண்டுகளில் இந்த நகரத்தில் இருந்தவர்களும், பழைய வீடுகளை வாங்கியவர்களும் நிலவறையில் கிடக்கும் ஒளிநாடாக்களைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மேலுறையில் ஹாக்கி ஆட்டம் என்று எழுதியிருந்தாலும் முழுவதையும் பாருங்கள்; அந்தக் காலத்தில் ஒரே நாடாவில் பலவற்றை மாற்றி மாற்றிப் பதிந்தோம். ஏதாவது கிடைத்தால் இங்கே எழுதுங்கள். நகலெடுக்கும் கருவி என்னிடம் இருக்கிறது.