தாது வருடப் பஞ்சம்: கரூர் பக்கத்து ஆவணங்களை எங்கே தேடுவது?

அமராவதிக்கரை:
முதுகலை ஆய்வேட்டுக்கு 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கரூர், குளித்தலை வட்டாரத்தின் நிலையை எடுத்திருக்கிறேன். பழைய திருச்சி மாவட்ட நூல்களில் குளித்தலை வருகிறது, கரூரைக் காணோம். எழும்பூர் ஆவணக் காப்பகம் போகுமுன் எதையெல்லாம் பார்த்து வைக்கலாம்? தமிழில் ஏதாவது உண்டா?

பழஞ்சுவடு:
கரூர் வட்டம் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. குளித்தலை அப்போதே திருச்சி. எனவே இரண்டு கலெக்டர்களின் கடிதப் போக்குவரத்தையும் பார்த்தாக வேண்டும். கரூருக்கு நிக்கல்சனின் கோயம்புத்தூர் மேனுவலில் (மாவட்ட விவர நூல், 1887) தொடங்குங்கள். லூயிஸ் மூரின் திருச்சி மேனுவல் 1878லேயே வந்துவிட்டது. பஞ்சத்தின் முழுக் கணக்கை அதில் எதிர்பார்க்காதீர்கள். இணையத்தில் தேடும்போது அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டில் 'டிரிச்சினாபொலி' (Trichinopoly) என்று அடியுங்கள். இன்றைய பெயரில் பாதி நூல்கள் அகப்படாது.

கட்டுத்தாள்:
காப்பகத்தில் 'பஞ்சம்' என்று மட்டும் கேட்டால் ஒன்றும் நகராது. வருவாய்த் துறை அரசாணைகளுக்கும் ரெவென்யூ போர்டு (வருவாய் வாரியம்) நடவடிக்கைகளுக்கும் தனித்தனி அட்டவணைத் தொகுதிகள் உண்டு. அவற்றில் துறை, எண், தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு கேட்புச் சீட்டு எழுதுங்கள். ஒன்று விட்டாலும் ஆவணக் கட்டு வராது.

ஜமாபந்தி (ஆண்டு நிலவரிக் கணக்குத் தணிக்கை) அறிக்கைகள் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. தொடக்கம் ஜூலை 1. பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. உங்களுக்கு 1285 முதல் 1288 வரை தேவைப்படும். முந்தைய ஆண்டு இல்லாமல் விளைச்சல் எவ்வளவு விழுந்தது என்று காட்ட முடியாது.

தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் கட்டைத் தர மாட்டார்கள். சோர்ந்துவிட வேண்டாம். சென்னை அரசின் நடவடிக்கைகளுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்னொரு படி இருக்கிறது. காப்பகத்துக்கு ஆய்வு வழிகாட்டி தரும் அறிமுகக் கடிதத்தில் தலைப்போடு ஆண்டு வரம்பையும் எழுதச் சொல்லுங்கள்.

ஏட்டுக்காரர்:
தமிழ் என்றால் முதலில் பாட்டுப் புத்தகங்கள்தான். பத்திரிகைகளில் ஆங்கில இந்து 1878 செப்டம்பரில்தான் வந்தது, தமிழ்ச் சுதேசமித்திரன் 1882ல். இரண்டையும் புரட்டி நாளைக் கழிக்க வேண்டாம். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகப் பட்டியலில் கும்மி, சிந்து, அம்மானை என்று தேடுங்கள். 'தாது வருஷ', 'தாது வருட', 'பஞ்சம்', பஞ்சத்தையே குறிக்கும் 'கருப்பு', 'கரிப்பு' எல்லாவற்றையும் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டும். அலமாரியில் நீங்களே எடுக்க முடியாது. எண் குறித்துக் கொடுத்தால் கொண்டுவருவார்கள்.

அமராவதிக்கரை:
மிக்க நன்றி. 1871, 1881 குடிக்கணக்கு வித்தியாசத்தையே சாவு எண்ணிக்கையாகக் கொள்ளலாமா?

கட்டுத்தாள்:
கூடாது. பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்கள், குறைந்துபோன பிறப்புகள், பஞ்சம் தீர்ந்தபின் பிறந்த குழந்தைகள் எல்லாம் அந்த வித்தியாசத்தில் கலந்திருக்கும். 'மக்கள்தொகை இழப்பு' என்று மட்டும் எழுதுங்கள். சாவுப் பதிவுக்குச் சுகாதார ஆணையர் கார்னிஷின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். 1871 கணக்கெடுப்பு அறிக்கையும் அவர் எழுதியதுதான். பஞ்சத்தில் கிராமப் பதிவே தடுமாறியது என்பதால் அந்த எண்களைக் கீழ்வரம்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.