மலேசியாவில் கம்பெனியை விற்றவர்கள், வாங்கப் போனவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல்காரர்:
அப்பா ஆரம்பித்த மசாலா மில்லைப் போன வருடம் விற்றோம். பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை. ஆள் தேடுவதற்கு ரொம்ப நாள் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டோம். பெரிய வேலை, என்னை மில்லிலிருந்து பிரித்தெடுத்ததுதான். மிளகாய் வியாபாரி என் கைப்பேசிக்குத்தான் கூப்பிடுவார், உணவகங்கள் எனக்குத்தான் வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடும். நான் போய்விட்டால் வாங்குகிறவருக்கு என்ன மிஞ்சும்? எல்லாவற்றையும் கம்பெனி நம்பருக்கு மாற்றி, சூப்பர்வைசரிடம் விட்டேன். மீன்கறி மசாலா அளவு முழுக்க என் மனைவியின் கையில் இருந்தது. "கைப்பக்குவத்தை எப்படிங்க எழுதுறது?" என்றார். அவர் அள்ளிப் போடப் போட, தராசில் வைத்துக் குறித்துக்கொண்டோம்.

என் தம்பி எங்கள் கம்பெனியிலிருந்து வாங்கியிருந்த கடனை அடைக்க வைத்ததில் வீட்டில் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனால் வாங்க வந்தவரின் ஆடிட்டர் முதலில் கேட்டதே அதைத்தான்.

பினாங்குவாசி:
நான் மறுபக்கம். லெபோ பசார் அருகே ஒரு துணிக்கடையை வாங்கப் போனேன். "கணக்குல இருக்கிறது பாதிதான் தம்பி, நிஜ வியாபாரம் டபுள்" என்றார் உரிமையாளர். அந்த மீதிப் பாதிக்கு நான் எதை நம்பிக் காசு கொடுப்பது? பேங்க் கடனும் கணக்கைப் பார்த்துத்தானே வரும்? பங்குகளை வாங்கினால் கம்பெனியின் பழைய வரிப் பாக்கியும் சேர்ந்தே வரும். போதாக்குறைக்கு வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது, கட்டட முதலாளி வாய் திறக்கவில்லை. அந்தத் தெருவில் இடம்தானே வியாபாரம்? கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் கணக்கர்:
இன்னொன்று. எண்டர்பிரைஸ் (தனி ஆள் அல்லது கூட்டாளிகள் நடத்தும் வியாபாரம்) என்று எஸ்எஸ்எம்மில், அதாவது கம்பெனிப் பதிவு ஆணையத்தில், பதிந்தவர்களுக்கு விற்கப் பங்கே கிடையாது. இயந்திரம், சரக்கு, கடைப் பெயர் என்று சொத்தாகத்தான் விற்க வேண்டும். வாங்குகிறவர் லைசென்ஸைத் தன் பெயரில் எடுக்க வேண்டிவரும்.

செண்டிரியான் பெர்ஹாட் (பிரைவேட் லிமிடெட் கம்பெனி) என்றால் பங்கை மாற்றலாம், முத்திரை வரி 1,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) 3 வெள்ளி. 2024-ல் வந்த மூலதன ஆதாய வரி தனி ஆள் விற்கும் பங்குக்கு இல்லை, கம்பெனி போன்ற ஓர் அமைப்பு தன்னிடமுள்ள பங்கை விற்றால்தான். ஆனால் சொத்தில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நிலம், கட்டடம் என்றால் கதையே வேறு, அங்கே நில ஆதாய வரி வந்து நிற்கும். கையெழுத்துக்கு முன்பே வரி ஆலோசகரிடம் போங்கள். வேலையாட்களுக்கு இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) கட்டிய ரசீதுகளும் கையில் இருக்கட்டும், கட்டாயம் கேட்பார்கள்.

பினாங்குவாசி:
செந்தூல் அண்ணே, வேலையாட்களிடம் எப்போது சொன்னீர்கள்?

செந்தூல்காரர்:
முன்பணம் வாங்கிய பிறகு. அதற்கு முன் சொல்லியிருந்தால் பாதிப் பேர் வேறு வேலை தேடியிருப்பார்கள். பேக்கிங் அக்கா ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார், மற்றவர்கள் இருக்கிறார்கள். விலையில் ஒரு பகுதியை வாங்கியவர் பிடித்து வைத்திருக்கிறார். உணவகங்கள் ஆறு மாதம் நிலைத்தால்தான் அது கைக்கு வரும். அதனால் இப்போதும் வாரம் ஒருமுறை மில்லுக்குப் போகிறேன்.