துருப்பிடித்த பிக்கப்: வேலை பார்ப்பதா, காயலான் கடைக்கா?

மண்டபம்

எங்கள் வீட்டு டாடா 207 மீன் லோடுக்கென்றே ஓடிய வண்டி. பாம்பனிலும் மண்டபத்திலும் ஏற்றி மதுரையில் இறக்கும். பெட்டிகளில் இருக்கும் ஐஸ் வழியெல்லாம் உருகி, உப்புத் தண்ணீராக, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் மேல் சொட்டிக்கொண்டே வரும். கடல் காற்று வேறு. கடலை விட்டுத் தள்ளி இருக்கும் ஊர்களில் கதவிலும் மட்காடிலும் தொடங்கும் துரு, எங்கள் பக்கம் அடியில்தான் தொடங்கும். மேலே பார்த்தால் வண்டி நன்றாக இருப்பது போலவே தெரியும்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. லோடு குறைந்துவிடும் என்பதால் இங்கே பலரும் வண்டி வேலையை அப்போது வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) தேதியும் கூடவே வந்தது. 8 வயது தாண்டிய லோடு வண்டியை வருஷா வருஷம் காட்ட வேண்டும். 15 வயது தாண்டினால் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்கு.

அப்பாவுக்கு விட மனசில்லை. "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, டிங்கரிங் பார்த்து பெயின்ட் அடிச்சா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்றார். இன்ஜினைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். புகை கிடையாது, ஆயில் குடிக்காது. ஆனால் பட்டறை மேஸ்திரி இன்ஜின் பக்கமே போகவில்லை. முதலில் வாட்டர் சர்வீஸ் விட்டு அடியில் இருந்த சேற்றையெல்லாம் கழுவச் சொன்னார். பிறகு சுத்தியலோடு கீழே படுத்து, சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். கேபினுக்குக் கீழே கணீர் கணீரென்று கேட்டது. பின் பட்டை, அதாவது வண்டியின் கனத்தைத் தாங்கும் வில், தொங்கும் பிராக்கெட் பக்கம் வந்ததும் சத்தம் மட்டமாகிப் போனது. இன்னும் இரண்டு தட்டு தட்டியதும் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார், உள்ளே போய்விட்டது.

பின்பக்க லோடின் கனமெல்லாம் அந்தப் பட்டை வழியாகத்தான் அச்சுக்கு இறங்குகிறது. அங்கே தகட்டின் மேல் தகடு இருப்பதால் இடுக்கில் உப்புத் தண்ணீர் தங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் இரண்டு தகட்டையும் பிளந்துகொண்டு வரும். பிரேக் குழாயும் அதே இடத்தில் அரித்துப்போயிருந்தது.

வேறொரு பட்டறையில் மேலே ஒரு பிளேட் வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்றார்கள். செலவும் அதிகமில்லை. எங்கள் மேஸ்திரி அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார்: "வெல்டிங் பிடிக்கணும்னா ரெண்டு பக்கமும் நல்ல இரும்பு இருக்கணும்ணே. இதுல அடிச்சா அடுத்த விரக்கடைல கிழியும். உள்ள இருக்கிற உப்பு எங்கயும் போகாது." ராத்திரியில் நிறைந்த லோடோடு போகிற வண்டி. டிரைவரும் லோடுமேனும் அதை நம்பித்தான் ஏறுகிறார்கள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, வண்டியைக் கழிப்பது என்று முடிவு செய்தோம். இன்ஜினை மாற்றலாம், கேபினை மாற்றலாம், சேசிஸ் போனால் வண்டி போனதுதான் என்பது என் கருத்து. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பொள்ளாச்சி

எங்களுடையது பொலிரோ பிக்கப், தேங்காய் லோடு. பின் பாடியின் தரைத் தகடு சல்லடை, கேபினில் மிதியடிக்குக் கீழே ரோடு தெரியும். பார்த்தவர்கள் எல்லாம் காயலான் கடைக்குத் தள்ளச் சொன்னார்கள். ஆனால் நீங்கள் சொன்ன சுத்தியல் சோதனையில் சேசிஸ் தலை முதல் கடைசி வரை ஒரே சத்தம். அதனால் பாடியை முழுக்கக் கழற்றி, புதுத் தகடு போட்டுக் கட்டினோம். இன்றைக்கும் ஓடுகிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம். ஓட்டையை பட்டி வைத்து மூடக் கூடாது, துருவை வெட்டி எடுத்துவிட்டுத்தான் தகடு வைக்க வேண்டும். கேபின் மேட்டை மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள் அண்ணே, ஈரத்தைப் பிடித்து வைப்பதே அதுதான்.

யாழ்ப்பாணம்

எங்களுக்கு இந்தக் கேள்வியே வேறு மாதிரி வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய ரொயோட்டா ஹைலக்ஸைக் கழித்துவிட்டு எதில் வெங்காயத்தைச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோவது? ஓடுகிற பழைய வாகனங்களின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

எங்கள் வாகனத்தில் துரு, பின் வில்லைத் தாண்டிய வால் பகுதியில் மட்டும் இருந்தது. அனுபவமுள்ள ஒரு வெல்டர், நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, அதே தடிப்பில் புதுத் துண்டு செய்து பொருத்தினார். அதனால், சேசிஸில் துரு என்றாலே முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன் அண்ணை. எந்த இடம் என்று பார்க்க வேண்டும். வில் பூட்டிய இடமும் ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடமும் அரித்திருந்தால் நானும் உங்கள் மேஸ்திரியின் பக்கம்தான்.

தூத்துக்குடி

கழிப்பது என்று முடிவான பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். என் சித்தப்பா உப்பளத்தில் ஓடிய வண்டியை எடைக்குப் போட்டுவிட்டார், ஆர்.சி.யை ரத்து செய்யவில்லை. இல்லாத வண்டிக்கு வரி பாக்கி என்று கடிதம் வந்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்தார். வண்டி அழிந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவே சொல்கிறது.

காயலான் கடையைவிட, அரசுப் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையம் நல்லது. அங்கே கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து அடுத்து வாங்கும் லோடு வண்டிக்கு 15 சதவீதம் வரை வரிச் சலுகை தர மத்திய விதியில் இடம் இருக்கிறது. அதற்கு முன் பைனான்ஸ் பெயர் ஆர்.சி.யில் இருந்தால் என்.ஓ.சி. வாங்கி நீக்கிவிடுங்கள், பழைய வரியையும் அபராதத்தையும் கட்டிவிடுங்கள். காயலான் கடைக்கே போடுவதானால், சேசிஸ் நம்பர் பொறித்த துண்டோடு வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். அந்த நம்பர் வேறொரு வண்டியில் ஏறினால் போலீஸ் உங்கள் அப்பாவைத்தான் தேடி வரும்.