குறைகாப்புப் பருவம்: குட்டிகளின் தடுப்பூசிக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு நோயைத் தடுக்கவும் போதாமல், தடுப்பூசியையும் பலிக்கவிடாமல் இருக்கும் சில நாள்கள் குட்டிகளுக்கு உண்டு. ஆங்கிலத்தில் window of susceptibility எனப்படும் அந்த நாள்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: பாதிப்புச் சாளரம், காப்பு இடைவெளி, நோயேற்புக் காலம், காப்பில்லாப் பருவம். என் பரிந்துரையைச் சொல்வதற்கு முன், மருத்துவம் சாராத நண்பர்களுக்காகப் பொருளைச் சற்று விரிக்கிறேன்.

நாய்க்குட்டி கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து பெறும் எதிர்ப்பொருள் (கிருமியை மடக்கும் ஆன்டிபாடி; ஈழத்து வழக்கில் பிறபொருளெதிரி) மிகச் சொற்பம். பெரும்பகுதி சீம்பாலில்தான் வருகிறது, அதுவும் பிறந்த முதல் நாளுக்குள் குடித்தால்தான் உண்டு. அதன்பின் குடல் அதை அப்படியே உள்ளே விடாது. முண்டியடித்து நிறையக் குடித்த குட்டிக்கு நிறைய; ஓரத்தில் ஒதுங்கிப்போன நோஞ்சானுக்குக் கொஞ்சம். ஆகவே ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு இருக்கும். குட்டிகளுக்கு உயிர்க்கொல்லிக் கழிச்சலைத் தரும் பார்வோ வைரஸுக்கு எதிரான இந்த இருப்பு ஏறத்தாழ 10 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும்.

சிக்கல் இங்கேதான். நோயைத் தடுக்க எதிர்ப்பொருள் ஓர் அளவு இருக்க வேண்டும். ஊசியில் உள்ள வலுவிழந்த வைரஸை மடக்கிப்போட அதைவிடக் குறைவாக இருந்தாலே போதும். முதல் அளவுக்குக் கீழே இறங்கிய நாள் முதல், இரண்டாம் அளவுக்கும் கீழே போகும் நாள் வரை குட்டிக்கு இரண்டு பக்கமும் இடி. தெருவிலிருந்து வரும் வீரியமான வைரஸ் உள்ளே நுழைந்துவிடும், ஊசி வைரஸ் உள்ளேயே அழிந்துவிடும். தாயின் எதிர்ப்பொருளை ஓரளவு மீறிப் பெருகும் ஊசிகள் இப்போது உண்டு. அவை இந்த நாள்களைக் குறுக்குகின்றன, இல்லாமல் ஆக்குவதில்லை.

எந்தக் குட்டிக்கு எந்த வாரம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதனால்தான் உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறையாக, 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை போடச் சொல்கிறது. 2024 வழிகாட்டுதல், ஓராண்டு காத்திராமல் 26 வாரத்திலேயே இன்னொன்றும் போடச் சொல்கிறது. குட்டிப் பருவத்தில் போடும் இந்த அடுத்தடுத்த ஊசிகளைப் பலரும் பூஸ்டர் என்கிறார்கள். பூஸ்டர் என்றால் ஏற்கெனவே பதிந்ததை வலுப்படுத்துவது. இங்கே முதல் ஊசி பதிந்ததா என்பதே தெரியாது. ஏதாவது ஒன்று பதியட்டும் என்றுதான் திரும்பத் திரும்பப் போடுகிறோம்.

பார்வோ 1978-இல்தான் உலகெங்கும் நாய்களிடம் வெளிப்பட்டது. பூனைகளைக் கொல்லும் பேன்லூக்கோபீனியா வைரஸுக்கு நெருங்கிய உறவு. மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். சோப்புக்கும் ஸ்பிரிட்டுக்கும் அசையாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். பத்து வாரக் குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள். நுரை வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல், ஈறு வெளுத்திருக்கும், தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நிற்கும். கையில் ஊசிப் புத்தகம், அதில் ஆறாவது வாரத்து ஸ்டிக்கர் ஒன்றே ஒன்று. “ஊசி போட்டாச்சே டாக்டர், அப்புறம் எப்படி வந்துச்சு? டூப்ளிகேட் மருந்தா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே, முதல் ஊசியன்றே சொல்லிவிடக்கூடிய சொல்லாக நமக்கு வேண்டும். அகராதியில் மட்டும் கிடக்கும் சொல் எனக்கு உதவாது.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். சாளரம் வேண்டாம். காலத்தைச் சாளரம் என்பது நம் வழக்கில் இல்லை. கேட்பவருக்குக் காற்றும் வெளிச்சமும்தான் தோன்றும். காப்பு இடைவெளி அழகான சொல். ஆனால் “மூணு வார இடைவெளியில அடுத்த ஊசி” என்று தினமும் சொல்கிறோம். இரண்டு இடைவெளியும் ஒரே பேச்சில் வந்தால் குழப்பம்தான். நோயேற்புக் காலம், நோய் அரும்பும் காலத்தோடு (கிருமி புகுந்ததிலிருந்து அறிகுறி தெரியும் வரையிலான நாள்கள்) கலந்துவிடும். ஊசி பிடிக்காது என்ற பாதிப் பொருளும் அதில் விட்டுப்போகிறது.

யாழ்ப்பாணத்து ஆசிரியை அம்மா கொடுத்த காப்பில்லாப் பருவம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது. பாடநூலிலும் இம்யூனிட்டிக்கு நோய்த் தடைகாப்பு என்றுதான் இருக்கிறது. எனவே காப்பு, பருவம் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். இல்லா என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, அம்மா. காப்பு அடியோடு இல்லையென்றால் ஊசி நன்றாகவே பிடிக்கும். மிச்சம் கொஞ்சம் இருப்பதுதான் தொல்லை.

ஆகவே குறைகாப்புப் பருவம் என்று முன்வைக்கிறேன். குறைகாப்பு வினைத்தொகை: குறைந்த காப்பு, குறைகின்ற காப்பு, குறையும் காப்பு. நாளுக்கு நாள் தேய்ந்துவரும் ஒன்றைச் சொல்ல முக்காலமும் தாங்கும் தொகை பொருத்தமாக இருக்கிறது. ஊறுகாய் போல நடுவில் வல்லினம் மிகாது. குறைக்காப்பு என்று எழுதிவிட வேண்டாம். சீம்பாலில் வரும் பாதுகாப்புக்குத் தாய்க்காப்பு என்ற இணைச்சொல்லும் வேண்டும். தாய்வழிப் பெறப்பட்ட எதிர்ப்பொருள் என்று ஊசி மேசையில் நின்று யாரும் சொல்லப்போவதில்லை.

பேச்சில் நிற்கிறதா என்று சொல்லிப் பார்த்தேன்: “குட்டிக்குத் தாய்க்காப்பு குறைஞ்சுக்கிட்டே வருது, இது குறைகாப்புப் பருவம். பதினாறு வாரம் தாண்டி கடைசி ஊசி போடுற வரைக்கும், மத்த நாய் கழியிற இடத்துல இறக்கிவிடாதீங்க.” எனக்கு நிற்கிறது.

பூனைக்குட்டிக்கும் இது அப்படியே பொருந்தும். கோழிப்பண்ணையில் கம்போரோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசிக்கு நாள் குறிப்பதே குஞ்சின் தாய்க்காப்பைப் பார்த்துத்தான், அங்கும் கொண்டுபோகலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போட இந்தச் சொல் சாக்காகிவிடக் கூடாது. நம் ஊர்களில் 12 வாரம் ஆனதும் அதைப் போட்டுவிட வேண்டும்.

கலைச்சொல் பட்டியலுக்கு என் வரையறை: “குறைகாப்புப் பருவம் – தாய்க்காப்பு நோயைத் தடுக்கப் போதாமலும், தடுப்பூசி பயன் தரவிடாமலும் இருக்கும் இளம்பருவ நாள்கள்.” இலக்கணம் அறிந்தவர்கள் தொகையைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். ஈழத்து நண்பர்கள், இம்யூனிட்டியை நிர்ப்பீடனம் என்று எழுதும் இடத்தில் காப்பு ஒட்டுமா என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு கால்நடை மருத்துவர்