கூத்துக்கு அரசு பணம் தர வேண்டுமா? சுங்கை சிப்புட்டில் நான் கண்டது

கலைக்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டுமா என்பது குறித்துப் பலரும் தத்தம் அனுபவத்தை எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்துக் கூத்தெல்லாம் சந்தாப் பணத்தில்தானே வளர்ந்தது, இப்போது மட்டும் அரசிடம் ஏன் கேட்க வேண்டும் என்று ஓர் அன்பர் வினவியிருந்தார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம்தோறும், மன்மதன் எரிந்த கதையை ஆடிப்பாடும் காமன் கூத்து நடக்கும். அதற்கான செலவு கோயில் சந்தாவிலிருந்து வந்தது. சம்பள நாளன்று பெயர் பெயராகப் பிடித்துக் தோட்ட எழுத்தரான கிராணியார் கணக்கில் எழுதிக்கொள்வார். பால்மரத்தை (ரப்பரை) அழித்துச் செம்பனை நட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகி, சனங்கள் ஈப்போவுக்கும் சிலாங்கூருக்கும் பிரிந்து போனபோது அந்தச் சம்பளக் கணக்கும் போயிற்று. சந்தா கொடுக்க மனம் உள்ளவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்த தோட்டம்தான் இல்லை. எங்கள் ஊரைச் சேர்ந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தொழிலாளர்களின் சந்தாவைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களையே வாங்கிக் காட்டியதை நானும் பெருமையோடு நினைக்கிறேன். ஆனால் நிலம் விளைச்சல் தந்து தன் செலவைத் தானே ஈடுகட்டும். கூத்துக்கு அப்படி ஒரு வருமானம் ஏது?

சில ஆண்டுகளுக்கு முன், ரதி வேடம் கட்டிய ஒரு பெரியவருக்காக நான் மானிய விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அரிதாரப் பொடியைப் பழைய மைலோ டின்னிலும், கண்ணாடிச் சில்லு பதித்த மரக் கிரீடத்தைப் பழஞ்சேலையில் சுற்றியும் வைத்திருந்தார். மன்மதன் எரிந்தபின் ரதி பாடும் ஒப்பாரியை முழுதாக அறிந்தவர் எங்கள் வட்டாரத்தில் அவர் ஒருவரே. ஓராண்டு சனிக்கிழமைதோறும் ஆறு பிள்ளைகளுக்குப் பாட்டும் அடவும் சொல்லித்தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. பணம் கிடைத்தது, ஆனால் ஒரே ஓர் இரவு நிகழ்ச்சிக்கு. கூடாரம், ஒலிபெருக்கி, பதாகை, சாப்பாடு என்று அத்தனையும் அன்றிரவே செலவாயிற்று. பயிற்சிக்கு ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை. இரண்டு வாரம் அவசரமாகப் பழகிய பிள்ளைகள் ஆடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு பெரியவர் காலமானார்.

அரசுப் பணம் வந்தால் கட்டுப்பாடும் வரும் என்று அஞ்சுவோர்க்கு மலாய்க்காரரின் பாரம்பரிய ஆடல்பாடல் நாடகமான மாக் யோங்கை நினைவூட்ட விரும்புகிறேன். கிளந்தான் மாநில அரசு 1991-இல் அதற்குத் தடை விதித்தது. 2005-இல் யுனெஸ்கோ அதை மானுட மரபுச் செல்வமாக அறிவித்த பிறகும் தடை நீடித்து, 2019-இல்தான் நிபந்தனைகளோடு தளர்ந்தது. ஒரு காசும் கொடுக்காமலே அரசால் ஒரு கலையை முடக்க முடியும். அந்த இடைக்காலத்தில், 1994-இல் கோலாலம்பூரில் அரசு தொடங்கிய தேசியக் கலைக் கழகத்தில், இன்றைய அஸ்வாராவில், மாக் யோங் பாடமாகக் கற்பிக்கப்பட்டது. பணம் அங்கே ஆசிரியருக்கும் மாணவருக்கும் போய்ச் சேர்ந்தது. எங்கள் கூத்துக்கும் அதைத்தான் கேட்டோம்.

மறுமொழி: ஐயா, வணக்கம். அந்த ஆறு பிள்ளைகளில் இருவர் என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். வகுப்பு நடத்தப் பள்ளி மண்டபம் சும்மாவே இருந்தது. பெரியவருக்கு ஒரு சிறு படித்தொகையும், பிள்ளைகளுக்குப் போக்குவரத்துச் செலவும் கிடைத்திருந்தால் போதும். என் மாணவி இப்போது கிள்ளானில் வேலை செய்கிறாள். சென்ற தீபாவளிக்கு வந்தபோது ரதியின் ஒப்பாரியைப் பாடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு அடிகள் பாடினாள். பெரியவர் அவளுக்குச் சொல்லித்தந்தது அவ்வளவுதான்.