விரல் அசைகிறது, துடிப்பு ஓடுகிறது; பிறகு எப்படி மூளைச்சாவு?

கேள்வி: மூளைச்சாவு அடைந்தவரின் விரல் அசைவதைப் பார்த்துவிட்டு, "உசுரு இருக்கே" என்று உறவினர் கேட்டால் என்ன சொல்வது? அப்னியா டெஸ்ட்டில் (தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் சோதனை) உண்மையில் என்ன செய்கிறார்கள்? உறுப்பு தானம் வேண்டாம் என்றால் வென்டிலேட்டரை எடுத்துவிடலாமா?

பதில் 1: இதயத்துக்குத் துடிப்பைக் கிளப்பும் சொந்த முடிச்சு உண்டு. ஆக்சிஜன் போகும்வரை மூளையைக் கேட்காமலே ஓடும். விரல் அசைவது தண்டுவட அனிச்சை, மூளை இல்லாமலே தண்டுவடம் தானாகச் செய்வது. சிலருக்கு இரண்டு கையும் மார்புவரை எழும்பும். குடும்பத்திடம் முன்பே சொல்லி வைக்காவிட்டால் ரகளைதான்.

அப்னியாவுக்கு முன் உடல் சூடு 36 டிகிரி செல்சியஸாவது, மேல் ரத்த அழுத்தம் 100ஆவது இருக்க வேண்டும். மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். 10 நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 35–45 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வென்டிலேட்டரைக் கழற்றி, மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் வழியே நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன். போர்வையை விலக்கி, நெஞ்சும் வயிறும் எழும்புகிறதா என்று 8–10 நிமிடம் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு 60ஐத் தொட்டும், முதல் அளவைவிட 20 கூடியும் ஒரு மூச்சுகூட எழவில்லை என்றால் மூச்சு மையம் செத்துவிட்டது. நடுவில் அழுத்தம் 90க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். அந்த டெஸ்ட் எந்தப் பக்கமும் செல்லாது.

பதில் 2: மெஷினைக் கழற்றாமல் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. இதயம் அடிக்கும் அதிர்வையே நோயாளி இழுத்த மூச்சு என்று வென்டிலேட்டர் எண்ணிக்கொள்ளும். மூளைத்தண்டு வேலை செய்தால் கண் அசையும் என்பதால் காதில் 50 மில்லி ஐஸ் தண்ணீர் விட்டுப் பார்க்கும் சோதனையிலும் இப்படி ஒரு பொறி: குறும்பி அடைத்திருந்தால் கண் அசையாததற்கு அர்த்தமே இல்லை.

பதில் 3: சட்டத்துக்கு வருகிறேன். 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, மூளைச்சாவுச் சான்றான படிவம் 10இல் கையெழுத்திட வேண்டும். மாற்று அறுவைக் குழுவினர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. சிக்கல் என்னவென்றால், மூளைச்சாவு என்ற சொல்லே உறுப்பு தானத்துக்கான அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. அதனால் தானம் மறுத்த வீட்டில் மெஷினை நிறுத்த டாக்டர்கள் தயங்குவார்கள். கேரளம் 2020இல், தானம் உண்டோ இல்லையோ மூளைச்சாவைச் சான்றளிக்கலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது.

இன்னொரு வழி, உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லி 2023இல் எளிதாக்கிய உயிர்காப்பு விலக்கல், அதாவது மீள வழியில்லாதவருக்கு வென்டிலேட்டர் போன்ற சிகிச்சையை நிறுத்துவது. மருத்துவமனை அமைக்கும் மூன்று டாக்டர்கள் குழு, அதன்மேல் இன்னொரு மூவர் குழு, குடும்பத்தின் சம்மதம், பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, தகவல் மட்டும்.