மூன்று மணிக்கு ஏழு அடிக்கும் கடிகாரத்தை ஏலத்துக்கு விடலாமா?

தேவகோட்டைப் பேத்தி:

வணக்கம். எங்கள் ஐயா வீடு தேவகோட்டையில் இருக்கிறது. ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவான வீடு. ஓடு மாற்றுவதற்கே ஏழு பேரும் ஒரு சொல்லுக்கு வர மூன்று வருடம் ஆனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அதிசயமாக ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். பெரிய சாமான்களை ஏலக் கம்பெனியிடம் கொடுத்து, வருகிற பணத்தை ஏழாகப் பிரிப்பது. பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. காரைக்குடியில் இருப்பவள் நான் ஒருத்திதான், மற்றவர்கள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் பார்த்தார். அவர் சொன்னதில் மூன்று விஷயம் எனக்கு உறுத்துகிறது.

ஒன்று, முகப்பில் மாட்டியிருக்கும் சுவர்க் கடிகாரம். எண்கோண முகம், கீழே ஊசல் ஆடுவதற்கு ஒரு கண்ணாடிக் கதவு. டயலில் ‘ஆன்சோனியா’ என்று மங்கலாகத் தெரிகிறது. எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுத்தால் நிற்காமல் ஓடும். ஆனால் மூன்று மணிக்கு ஏழு அடிக்கும். அதைக் கேட்டதும் அவர் ‘பழுது’ என்று எழுதி 4,000 ரூபாய் போட்டார். அதே மூச்சில் ‘150 வருடப் பழசு’ என்றும் சொன்னார். பழுதானதை எதற்காக அத்தனை ஆசையாகப் பார்க்க வேண்டும்?

இரண்டு, இரண்டாம் கட்டில் இருக்கும் பர்மாத் தேக்குப் பெட்டகமும் கொள்ளுத் தாத்தாவின் கணக்குப்பெட்டியும். மேலே கறுத்துப் போயிருக்கிறது. இழைத்து பாலிஷ் போட்டால் இரண்டு மடங்கு விலை போகும், அவர்களே செய்துகொள்வார்கள், கூலியைப் பிறகு கழிப்பார்களாம்.

மூன்றாவதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. சாமி அறையில் ஒரு தவழும் கிருஷ்ணன் உண்டு. உள்ளங்கையில் அடங்கும், தூக்கினால் கை இறங்கும். முகம் தேய்ந்து மூக்கே தெரியாது. அதை எடுத்துப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தி, ‘இதைப் பட்டியலில் எழுத வேண்டாம் அம்மா, நானே ரொக்கமாக வாங்கிக்கொள்கிறேன்’ என்றார். அதுவரை நான் அவருக்கு நல்ல காபியாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசல்:

மதுரையில் நாற்பது வருடமாகக் கடிகாரம் பழுது பார்க்கிறவன். கடிகாரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தங்கச்சி, உங்கள் கடிகாரத்துக்கு ஒரு நோயும் இல்லை. ஒரு சோதனை செய்யுங்கள். நான்கு மணிக்கு எட்டும் ஐந்துக்கு ஒன்பதும் அடிக்கிறதா? அடித்தால் அது முழு ஆரோக்கியம்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கடிகாரங்களில் முள்ளை ஓட்டுவது ஒரு சக்கரக் கூட்டம், மணி அடிப்பது வேறொரு கூட்டம். அதனால்தான் டயலில் சாவித் துளை இரண்டு. வலது பக்கம் ஓட்டத்துக்கு, இடது பக்கம் மணிக்கு. மணிப் பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கும், அதன் விளிம்பில் வரவர இடைவெளி கூடும் பள்ளங்கள். ஒரு தகட்டு நாக்கு பள்ளத்தில் விழும்வரை சுத்தியல் அடித்துக்கொண்டே இருக்கும். முள் எங்கே நிற்கிறது என்பது அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது, போன முறை ஏழு அடித்தேன், இப்போது எட்டு என்று அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போகும். யாரோ எப்போதோ இடது சாவியைக் கொடுக்க மறந்திருக்கிறார்கள். முள் ஓடியது, மணி நின்றது. மறுபடி முறுக்கியபோது கணக்கு தப்பிவிட்டது. அவ்வளவுதான்.

சரிசெய்ய என்னைப் போன்றவன் வேண்டாம். கீழ்க் கதவைத் திறந்தால் இயந்திரத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பி தொங்கும். மூன்று மணிக்கு ஏழு அடித்து முடித்ததும் அதை மெதுவாகத் தூக்கி விடுங்கள், எட்டு அடிக்கும். அடித்து ஓய்ந்த பிறகு மறுபடி தூக்குங்கள், ஒன்பது. இப்படி எட்டு முறை தூக்கினால் கடைசியாக மூன்று அடித்து நிற்கும். அடுத்தது நான்கு மணிக்கு நான்கு. சுருள்வில்லில் மட்டும் கை வைக்காதீர்கள், விரலை எடுத்துவிடும்.

வயது: ஆன்சோனியா கம்பெனி 1870களின் கடைசியில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போனது. 1929 இல் அதன் இயந்திரங்களைச் சோவியத் அரசு விலைக்கு வாங்கி மாஸ்கோவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டது. இயந்திரத் தகட்டில் ‘நியூயார்க்’ என்று பொறித்திருந்தால் இந்த இடைவெளிக்குள்தான் வரும். ‘150 வருடம்’ என்பது வாய்க்கு வந்தது.

விலையைத் தீர்மானிப்பது வேறு. இயந்திரம் இந்தப் பெட்டிக்கே பிறந்ததா, வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். பின்பலகையில் பயன்படாத திருகுத் துளைகள் இருந்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. திருகின் தலையில் ஒற்றைக் கோடு இருக்க வேண்டும். கூட்டல் குறி போட்ட திருகு 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அப்படி ஒன்று தென்பட்டால் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். காகித டயல் மாறியிருந்தால் பெரிய குறையில்லை, பாதி வீடுகளில் மாறித்தான் இருக்கும்.

இடம் மாற்றுவதானால் முதலில் ஊசலைக் கழற்றிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஏலப் பித்தன்:

வாங்குகிற பக்கத்தில் அடிபட்டவன். பெயர் வேண்டாம், ஒரு பெருநகரத்து ஏலத்தில் ‘ஈட்டி மர மேசை’ என்று எடுத்தேன். வீட்டுக்கு வந்து இழுப்பறையைக் கழற்றினால் மேலே மட்டும் மெல்லிய ஈட்டிப் பட்டை, அடியில் ஒட்டுப்பலகை. கேட்டதற்கு ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ என்ற வரியைக் காட்டினார்கள். என் கையெழுத்து அதன் கீழேதான் இருந்தது.

உங்கள் பெட்டகத்தை இழைக்க விடாதீர்கள். பழைய தேக்கின் அந்தக் கறுப்பு எண்ணெயும் கையும் பட்டுப் பட்டு வந்த நிறம். அதைச் சுரண்டிவிட்டால் போன மாதம் செய்த பெட்டகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் காட்ட முடியாது, விவரம் தெரிந்தவன் அந்தக் கறுப்புக்குத்தான் காசு கொடுக்கிறான். காய்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். கணக்குப்பெட்டியின் அடித்தட்டைத் தட்டிப் பாருங்கள், பலவற்றில் இரகசிய அறை உண்டு.

கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுங்கள். இரண்டு பக்கமும் 15 சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். 20,000க்கு மூன்று தரம் சொன்னால் வாங்குபவர் 23,000 கொடுப்பார், உங்களுக்கு 17,000 வரும். வண்டி வாடகை, படம் எடுத்த கூலி, பாலிஷ் கூலி எல்லாம் அந்த 17,000த்துக்குள்தான். பிறகு ஏழாகப் பிரியுங்கள். இந்த விலைக்குக் கீழே விடக்கூடாது என்று ஒவ்வொரு பொருளுக்கும் எழுதி வாங்குங்கள். விற்காமல் போனால் யார் செலவில் திரும்பி வரும் என்பதையும்.

உங்கள் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய், இதே மாதிரிக் கடிகாரம் என்ன விலை என்று கேளுங்கள். விற்க வந்தவளாக இல்லை, வாங்க வந்தவளாக.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்:

கிருஷ்ணனைப் பற்றி யாரும் பேசவில்லையே.

நூறு ஆண்டு தாண்டிய உலோகச் சிற்பம் 1972 ஆம் ஆண்டின் தொன்மைப் பொருள்கள் சட்டத்துக்குள் வருகிறது. அந்தச் சட்டம் 1976 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. வைத்திருப்பவர் தொன்மைப் பொருள் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். கைமாறினால் தெரிவிக்க வேண்டும். இவற்றை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு உரிமம் வேண்டும். தனியார் எவரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. குரலைத் தாழ்த்திய மனிதரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். பதிலைவிட முகத்தைக் கவனியுங்கள்.

பத்தூர் நடராஜர் கதை தெரிந்திருக்கும். 1976 இல் மண்ணைத் தோண்டியபோது ஒரு கூலித் தொழிலாளி கையில் கிடைத்தது. கைமாறிக் கைமாறி லண்டன் போய், ஒரு கனடாக் கம்பெனி வாங்கியது. லண்டனில் நடந்த வழக்கில் இடிந்த கோயிலின் சிவலிங்கமும் உரிமை கோரும் தரப்பில் நின்றது. 1991 இல் நடராஜர் ஊர் திரும்பினார். முதலில் கைமாறியபோதும் இதே ரொக்கம், இதே தாழ்ந்த குரல்தான் இருந்திருக்கும்.

உங்களுடையது பூசைக்கு வார்த்த பிற்காலத்துப் பொருளாகவே இருக்கலாம். புளி போட்டுத் தேய்க்கிற வீட்டில் பச்சைக் களிம்பு நிற்காது. ஆகவே பளபளப்பை வைத்துப் புதிது என்றோ பழையது என்றோ சொல்ல இயலாது. நான்கு பக்கமும் படம் எடுத்து, உயரமும் எடையும் குறித்து, பதிவு அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை ஏழு பேரில் எவரும் அதைத் தொடக்கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பங்காளிகள் விஷயத்தில் தாள் முக்கியம்.

தேவகோட்டைப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுவதும் தேவகோட்டையில் இருந்தேன்.

உரிம எண் கேட்டுச் செய்தி அனுப்பினேன். ‘நான் சும்மா விளையாட்டாகச் சொன்னேன் அம்மா’ என்று பதில் வந்தது. கிருஷ்ணன் சாமி அறையிலேயே இருக்கிறான். எடை ஒரு கிலோ நூறு கிராம், உயரம் என் நடுவிரல் அளவுதான். கடிதம் எழுதிவிட்டேன். ஏழில் ஐந்து கையெழுத்து வந்துவிட்டது.

கணக்குப்பெட்டியில் இரகசிய அறை இருந்தது. உள்ளே எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி ஒன்று.

ஊசல் அண்ணன், நான்குக்கு எட்டுதான் அடித்தது! பின்னே கம்பியைக் கண்டுபிடித்து, நீங்கள் சொன்னபடியே கணக்கைக் கொண்டுவந்து நிறுத்தினேன். கொஞ்ச நஞ்ச அடியா, பக்கத்து வளவிலிருந்து ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். தகட்டில் ‘நியூயார்க்’ இருக்கிறது. திருகெல்லாம் ஒற்றைக் கோடு. பெட்டியின் உள்பக்கம் பென்சிலால் ‘சித்ரபானு தை, எண்ணெய்’ என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் 1943. ஐயாவின் அப்பா ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த வருடத்துக்கு அடுத்த தை. கையில் காசு இல்லாத நேரத்திலும் கடிகாரத்துக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறார்.

விற்பது என்றுதான் இன்னமும் முடிவு. ஆனால் ‘பழுது’ என்பதை அடிக்கச் சொல்லி, 15,000க்குக் கீழே விடக்கூடாது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். கம்பெனி யோசிக்கிறதாம்.

வீட்டில் ஒரு சிக்கல். அப்பத்தா முப்பது வருடமாக அடிக்கிற மணியில் நான்கைக் கழித்தே பழகியவர். நேற்று இரவு ஒன்பது அடித்ததும், இன்னும் ஐந்துதானா என்று எழுந்து விளக்கேற்றப் போய்விட்டார்.

ஊசல்:

அதற்கும் மருந்து இருக்கிறது தங்கச்சி. கம்பியை நான்கு முறை தூக்குங்கள்.